மாமன் பல்லும் மருமகன் காய்ச்சலும்

நாகர்கோவிலிலிருந்து வெளிவந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு நான் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். கேள்விப்பட்ட விஷயம் எதையும் இரண்டு பேரிடமாவது விசாரிக்காமல் எழுதக்கூடாது என்பது ஆசிரியர் வைத்திருந்த விதி. தோவாளைப் பக்கத்து ஊர்த் தலைவர் ஒருவர் தம் பற்கள் முழுவதையும் கள்ளர்களோடு சண்டையிட்டு இழந்த கதையை நான் இந்த விதிப்படிதான் எழுதினேன். முதலில் தலைவரிடம் கேட்டேன். பிறகு அவருடைய வண்டிக்காரரிடம் கேட்டேன். இரண்டு பேரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். வண்டிக்காரருக்கு அந்தக் கதையைச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை.

கதை இதுதான். தலைவர் இருபது வயதில் நெல் வண்டியோடு ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் போகும்போது நாலு கள்ளர்கள் மறித்தார்கள். ஒருவன் உலக்கைப் பருமனுள்ள கம்பால் வாயில் அடித்தான். அந்த ஓர் அடியில் பல் அத்தனையும் போயிற்று. ரத்தம் ஒழுகத் தலைவர் நாலு பேரையும் பணகுடி வரைக்கும் விரட்டிப் போனார். புருவத்தில் முடி இல்லாமல் போனதும் அந்த அடியில்தான். வாயில் விழுந்த அடி புருவத்தை எப்படிக் கொண்டுபோயிற்று என்று ஒரு பத்திரிகைக்காரன் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. செய்தி அச்சாயிற்று. தலைவர் அந்தத் துண்டைக் கத்தரித்து, கண்ணாடி போட்டு, முன்னறையில் மகாராஜா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். திருவனந்தபுரத்தில் கட்டிய பல்செட்டு, எப்போதும் தலைப்பாகை, தோளில் ஈரத்துண்டு. மாசி பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கு ஊர்க் குளத்தில் இறங்குவார். வெயில் சாய்ந்த பிறகுதான் கரையேறுவார். வைகாசி வரை இப்படித்தான். ஊர் வழக்குகளைக் குளத்துக்குள் நின்றுகொண்டே கேட்பார். கழுத்தளவு தண்ணீரில் தலைப்பாகையோடு அவர் நிற்க, வழக்குப் பேச வந்தவர்கள் படிக்கட்டில் வெயிலில் நிற்பார்கள். அந்த ஊரில் எந்த வழக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் நீண்டதில்லை. ஏன் இப்படி என்று கேட்டால் நேர்ச்சை என்பார். எந்தக் கோயிலுக்கு என்று கேட்டால், சொன்னால் பலிக்காது என்பார்.

இனி அவருடைய தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர். இந்தத் தங்கை பிறந்து மூன்று மாதத்தில் தாயார் இறந்துபோனார். தங்கை, வடசேரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு கணக்கு வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார். அந்த நாளில் எங்களவர்களிடையே மருமக்கள் வழி. ஒருவருடைய சொத்து அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். தலைவருக்குச் சொந்தமாக இரண்டு மகன்கள் உண்டு. பல்லால் தேங்காய் உரிக்கக்கூடிய மகன்கள். வாத்தியார் மனைவிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தால் தலைவரின் வயல்கள் அந்தக் குழந்தையைப் பார்த்து நகரும். இந்த நேரத்தில்தான் சட்டம் மாறி, பெற்ற பிள்ளைகளுக்கே சொத்து என்கிற மக்கள் வழி வந்தது. சட்டத்தை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தவர்களில் தலைவர் முன்வரிசை. புதுச் சட்டத்தில் மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்பது வாத்தியாரின் வாதம்; ஒரு பிடி மண்ணும் இல்லை என்பது தலைவரின் வாதம்.

"அவனுக்கும் எனக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. என் தலைமுடியில ஒண்ணு கூட அவனுக்கு வராது" என்று, தங்கை வயிற்றிலிருந்த மருமகனைப் பற்றித் தலைவர் குளத்திலிருந்தே அறிவித்தார். அந்தப் பேச்சோடு அண்ணன் தங்கை போக்குவரத்து நின்றது. வடசேரியில் குழந்தை பிறந்த செய்தி போனபோதும் அவர் வந்து பார்க்கவில்லை.

அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. பையனுக்கு மூன்று வயதாகியும் தலைமுடி என்று சொல்ல ஒன்றுமில்லை. கோழிக்குஞ்சின் உடம்பில் இருப்பதுபோல ஒரு பூ மயிர். பல் இரண்டுதான். மேல் ஈறில், ஒன்றுக்கொன்று தள்ளி, கூராக. சோற்றை ஈறாலேயே அரைத்துத் தின்றுவிடுவான். சில பிள்ளைகளுக்குத் தாமதமாகும் என்றார்கள். பையனுடைய வேலையெல்லாம் தண்ணீர் தேடுவது. குடத்தைக் கவிழ்ப்பான், கிணற்றடித் தொட்டிக்குள் விழுவான், அம்மியைக் கழுவினால் ஈரம் காய்வதற்குள் அதன் மேல் போய்க் குப்புறப் படுத்துக்கொள்வான். தெருவில் அவனைத் தவளை என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே வருவான்.

அந்த வருஷம் மாசி கடைசியில் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் நன்றாக விளையாடுவான். பத்து மணிக்கு மேல் உடம்பு சுட ஆரம்பிக்கும். நடுப்பகலில் நூற்று நாலு. பொழுது சாயும்போது தானாக இறங்கும். வாத்தியார் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. எண்ணாகச் சொல்லாத எதையும் நம்பாதவர் அவர். மணிக்கு ஒரு தடவை அளந்து, நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதிவந்தார். வைத்தியர் பார்த்துவிட்டு, காய்ச்சல் உள்ளே ஒளிந்திருக்கிறது, வேர்க்க வைத்து வெளியே கொண்டுவர வேண்டும் என்றார். குறுமிளகுக் கஷாயம் கொடுத்து, கதவைச் சாத்தி, கம்பளியால் மூடினார்கள். கம்பளிக்குள் காய்ச்சல் நூற்றைந்தாயிற்று. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் மலேரியாவுக்குக் கொடுக்கிற கசப்புக் கொயினா மருந்தைக் கொடுத்தார். பையன் அதை அவர் சட்டை மேலேயே துப்பினான்.

தண்ணீரில் இறக்கி உடம்பைக் குளிர வைக்கலாமே என்று யாரும் அந்த வீட்டில் சொல்ல முடியாது. காரணம் உண்டு. இவனுக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை, ஒன்றரை வயதில், ஒரு சித்திரை மாதம், இதேபோலக் காய்ச்சலில் போய்விட்டது. போவதற்கு முந்தின நாள், அது தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ஓயாமல் அழுகிறதே என்று தாய் நாலு செம்பு ஊற்றிவிட்டாள். காய்ச்சலில் குளிப்பாட்டித்தான் பிள்ளை போயிற்று என்று தெரு முழுவதும் சொன்னது. அவள் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. அதற்குப் பிறகு காய்ச்சல் என்ற சொல் கேட்டதும் அவள் கிணற்றடிக் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்வாள்.

இருபத்து மூன்று நாள் பார்த்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வாத்தியாரையும் மனைவியையும் பையனையும் நான் பக்கத்துத் தெரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். குலசேகரம் பக்கத்துக்காரி; தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரி. படித்து வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. பெண்பிள்ளை என்பதால் பிரசவத்துக்கு மட்டும் ஆள் வரும். வெயில் சாய்ந்தும் அன்று புழுக்கம் குறையவில்லை. பையன் கம்பளிச் சுருளாக வந்தான். டாக்டரம்மா முதலில் கம்பளியைப் பிடுங்கி எறிந்தார். நெற்றியில் கை வைத்தார். வெயிலில் கிடந்த ஓடுபோலக் காய்ந்து சுட்டது.

"இந்தக் கொச்சுக்கு வேர்த்து கண்டதுண்டா?" என்று கேட்டார்.

வாத்தியார் நோட்டைப் புரட்டினார். ஏறிய நேரம், இறங்கிய நேரம், குடித்த கஷாயம் எல்லாம் இருந்தன. வேர்வைக்கு என்று அவர் ஒரு பத்தி போடவில்லை.

"வேர்க்க வைக்கத்தான் கம்பளி போட்டிருக்கோம், டாக்டரம்மா. இன்னும் வேர்க்கல்ல."

"எத்தனை நாளா?"

"இருபத்தி மூணு நாளா."

"ஒரு பொட்டு கூடவா இல்ல?"

"ஒரு பொட்டு இல்ல. அவ்வளவு கெட்டியான காய்ச்சல்னு வைத்தியர் சொல்லுதாரு."

டாக்டரம்மா எழுந்துபோய் வாசலில் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்கினாரா கோபத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. தாய் மெதுவாகச் சொன்னாள்: "டாக்டரம்மா, இவன் சட்டை நாறவே நாறாது. எங்க எல்லாருக்க துணியும் சாயங்காலம் வேர்வை நாத்தம் அடிக்கும். இவனுக்கது மட்டும் இப்பதான் துவைச்சு எடுத்தது போல இருக்கும். நான் தெய்வக் குழந்தைன்னு நெனச்சேன்."

நானும் மூன்று வருஷமாகப் பார்க்கிற குழந்தைதான். வாத்தியாரின் நோட்டில் இல்லாததும் என் கண்ணில் படாததும் துவைக்கிற கல்லில் தெரிந்திருக்கிறது.

டாக்டரம்மா அயோடின் குப்பியும் ஒரு கிண்ணம் மரச்சீனிக் கிழங்கு மாவும் கொண்டுவந்தார். அயோடின் பூசி, காய்ந்ததும் மேலே மாவைத் தூவினால், வேர்வை பட்ட இடம் கறுக்கும் என்றார். பையனின் முதுகில் பூசினார். "ஒத்துப் பார்க்க ஒராள் வேணும்" என்றார். வாத்தியார் சட்டையைக் கழற்றினார். என் இடது கையையும் விடவில்லை. மூன்று பேரும் மாவில் புரட்டிய மீன்போலச் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷத்தில் வாத்தியாரின் முதுகில் கறுப்புப் புள்ளிகள் கிளம்பின. பத்தாவது நிமிஷத்தில் அவர் முழுக் கறுப்பு. என் கை சிறுத்தைத் தோல். பையனின் முதுகு மட்டும் மாம்பழ நிறத்தில், பூசியது பூசியபடியே இருந்தது. அவன் மீதி மாவைத் தின்றுகொண்டிருந்தான்.

"தோலில வேர்வை வாற வழியே இவனுக்கு இல்ல" என்றார் டாக்டரம்மா. "முடி இல்ல, பல்லு இல்ல, வேர்வை இல்ல. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்த பிறவிக் குறை. இது காய்ச்சலே இல்ல. உள்ள ஏறின சூடு எறங்க வழியில்லாம நிக்குது. அதுக்கு மேல நீங்க கம்பளியும் போட்டா? வெயில் நேரம் முழுக்க இவனைத் தண்ணியில வையுங்க. ஈரத்துணி போடுங்க. வேற மருந்து கிடையாது."

தண்ணீர் என்றதும் தாயின் கை மடியில் இருந்த சாவிக்குப் போயிற்று. வாத்தியாரின் முகம் இறுகியது.

"ஒரு பிள்ளையைத் தண்ணியில தொலைச்சிட்டோம்" என்றார். "நாளைக்கு உச்சி நேரம் பெரிய வேது பிடிக்கணும்னு வைத்தியர் சொல்லியிருக்காரு. நொச்சியும் வேம்பும் அண்டாவில வேக வச்சு, நாலு கம்பளி போட்டு. நீங்க படிச்சவங்கதான். ஆனா இப்படி வேர்க்காத ஒரு ஆள், தண்ணியில கிடந்து பொழைச்சான்னு நான் கண்ணால பார்க்கணும். அப்ப நம்புதேன்."

"அந்தப் பெரிய வேதுக்கு இவன் தாங்கமாட்டான்" என்று டாக்டரம்மா சொன்னார். குரலை உயர்த்தவில்லை. பிறகு தாயைப் பார்த்தார். "இது தாய் வழியில வாறது. பொம்பளைகள் கிட்ட பெருசாத் தெரியாது. அவங்க பெறுகிற ஆம்பளைப் பிள்ளைகள்ல தெரியும். சிந்து தேசத்தில இப்படி ஒரு குடும்பம் உண்டுன்னு புத்தகத்தில நாலு வரி படிச்சிருக்கேன். கண்ணால காணுறது இவனைத்தான். உங்க ஆட்கள்ல பல்லு முளைக்காத ஆண் யாராவது உண்டா?"

"இல்ல, டாக்டரம்மா. எங்க அண்ணாச்சிக்குப் பல்லு இல்ல. அது கள்ளன் அடிச்சுப் போனது."

"ஆமாம், பத்திரிகையிலேயே வந்திருக்கிறது. நான்தான் எழுதினேன்" என்றேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை பல்லு போச்சு?"

"அத்தனையும்."

"ஒரே அடியிலயா?"

"ஒரே அடியில்."

"உதட்டில தழும்பு உண்டா?"

நான் அந்த முகத்தை இரண்டு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து பார்த்தவன். யோசித்தேன். தழும்பு இல்லை.

"தலையில முடி?"

"எப்போதும் தலைப்பாகை."

"புருவம்?"

"அதுவும் அந்த அடியில்தான்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். அறையில் யாரும் எனக்கு உதவிக்கு வரவில்லை.

"வெயிலில நிப்பாரா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

தாய்தான் பதில் சொன்னாள். "குளத்தில நிப்பாரு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் நானும் டாக்டரம்மாவும் ஒரு வில்வண்டி பிடித்துத் தலைவரின் ஊருக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. தலைவர் தண்ணீரில் இருந்தார். படிக்கட்டில் ஏழெட்டுப் பேர். ஒருவருடைய ஆடு இன்னொருவருடைய நாற்றங்காலைத் தின்றுவிட்ட வழக்கு.

"யாருவே அது? பேப்பர்காரரா? வாரும், வாரும். கூட யாரு, டாக்டரம்மையா? இங்க யாருக்கும் ஒரு தீனமும் இல்லியே. இந்த ஆட்டுக்குத்தான் கொஞ்சம் வயிறு சரியில்ல."

படிக்கட்டு சிரித்தது. டாக்டரம்மா கடைசிப் படிக்கு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றார்.

"உங்களுக்குப் பல்லு எப்பம் போச்சு?" என்றார்.

"அது ஊருக்கே தெரியுமே! கள்ளன் அடிச்சது. சந்தேகம்னா இவருகிட்ட கேளும்." தண்ணீருக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்து என்னைக் காட்டியது. "இவரு எழுதி அச்சடிச்சது. என் வீட்டுல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு."

"ஆமா, நாலு கள்ளன்" என்றார் ஆட்டுக்காரர்.

"அஞ்சு பேருல்லா?" என்றார் நாற்றங்கால்காரர்.

"பேப்பர்ல நாலுதான்வே. பேப்பர்ல உள்ளதைப் பேசும்."

என் எழுத்துக்கு அவ்வளவு விசுவாசமான வாசகர்களை நான் பிறகு ஒருபோதும் சந்தித்ததில்லை. டாக்டரம்மா அந்தப் பேச்சு ஓயும் வரைக்கும் காத்திருந்தார்.

"வாயைத் திறந்து காட்டுவியளா?"

"காட்டமாட்டேன்."

"உங்க தங்கச்சிக்க மகனுக்கு மூணு வயசு. ரெண்டு பல்லு. வேர்வை கிடையாது."

"அவனுக்கும் எனக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. சட்டமே சொல்லியாச்சு."

"இண்ணைக்கு உச்சிக்கு அவனைக் கம்பளி போட்டு மூடி வேது பிடிக்கப் போறாங்க."

தலைவர் கரைப் பக்கம் ஓரடி வைத்தார். ஆடு ஒரு தடவை கத்தியது.

"கம்பளியா?" என்றார். குரல் வேறாக இருந்தது. "எத்தனை கம்பளி?"

"நாலு."

"எனக்கு ஒண்ணுதான் போட்டாங்க" என்றார் தலைவர். "ஒண்ணுதான். ஏழு வயசு. கதவை ஒடைச்சிட்டு வந்து இந்தக் குளத்துலதான் சாடினேன்."

சொல்லிவிட்டுப் படியேறினார். வழக்கு என்னாயிற்று என்று ஆட்டுக்காரர் கேட்டார். "ஆட்டை அவனுக்குக் குடு, நாத்தை நீ வச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே தலைவர் நடந்தார். இந்தத் தீர்ப்பைப் பற்றி அந்த ஊரில் பிறகு பல வருஷம் விவாதித்தார்கள்.

அவருடைய வண்டியில் நனைத்த சாக்கு விரித்து மூவரும் ஏறினோம். வடசேரிக்கு எப்படியும் ஒன்றேகால் மணி நேரம். அன்று வெயில் கொடூரம். வழியில் மூன்று இடத்தில் வாய்க்கால் குறுக்கிடும். முதல் வாய்க்காலில் தலைவர் இறங்கி, தலைப்பாகையோடு ஒரு முங்கு முங்கிவிட்டு ஏறினார். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவதில் இரண்டு முங்கு. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே தூரம் அதிகம்; பாதி வழியில் அவர் பேச்சு குழறி, முகம் செங்கல் நிறமாகிவிட்டது. டாக்டரம்மா குடிக்க வைத்திருந்த கூஜாத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினார். "இதையா நேர்ச்சைன்னு சொன்னிய?" என்றார். "வேற என்னத்தைச் சொல்ல?" என்றார் தலைவர். மூன்றாவது வாய்க்காலில் இறங்கியவர், உடம்பு குளிர்ந்து பேச்சுத் தெளிந்த பிறகும் தண்ணீரைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. வண்டிக்காரரும் நானும் நீரில் இறங்கித் தூக்கினோம். வாத்தியார் வீட்டு வாசலுக்கு வரும்போது பன்னிரண்டாக ஐந்து நிமிஷம்.

உள்ளே நொச்சி வாசனை. அண்டாவில் இலை கொதித்துக்கொண்டிருந்தது. வைத்தியர் கம்பளிகளை உதறிக்கொண்டிருந்தார். பையன் கண் சொருகி, தாயின் மடியில் கிடந்தான். வாத்தியார் எழுந்து நின்றார். மூன்று வருஷப் பகை நீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்றது.

"யாரு வந்திருக்கது? மக்கள் வழிக்காரரா?" என்றார் வாத்தியார்.

"உம்ம சட்டத்தைப் பொறகு பேசுவோம்வே. ஏட்டி, கிணத்தடிச் சாவியைத் தா."

தங்கை அசையவில்லை. தலைவர் குனிந்து அவள் மடியிலிருந்து ஒரு கையால் சாவியையும் மறு கையால் பையனையும் எடுத்துக்கொண்டு நடந்தார். கதவைத் திறந்து, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டிக்குள் வேட்டியோடு இறங்கி உட்கார்ந்து, பையனை மடியில் இருத்தி, கழுத்து வரை நனைத்தார்.

"ஜன்னி வரும்!" என்று வைத்தியர் பின்னால் ஓடிவந்தார். "ரெண்டு பேருக்கும் வரும்!"

"எனக்கு ஐம்பது வருஷமா வருது, இன்னும் வந்து சேரல்ல" என்றார் தலைவர். வாயில் கைவிட்டு, மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றித் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். தலைப்பாகையை எடுத்தார். பையனின் தலையில் இருந்த அதே பூ மயிர், நரைத்து. வாயைத் திறந்து முதலில் வாத்தியாருக்கும், பிறகு வைத்தியருக்கும், கடைசியில் எனக்கும் காட்டினார். ஈறு வழவழவென்று கூழாங்கல்போல இருந்தது.

"பார்த்துக்கிடும்" என்றார். பல் இல்லாமல் அவர் பேச்சு குழந்தைப் பேச்சாக இருந்தது. "கள்ளன் அடிச்சது இல்ல. முளைக்கவே இல்ல. வேர்க்கவும் இல்ல. எனக்க அம்மைக்குத் தெரியும். அவளும் போய்ச் சேர்ந்தா. நான் யாருகிட்டயும் சொல்லல்ல."

வாத்தியார் உள்ளே போய்த் தெர்மாமீட்டரையும் நோட்டையும் எடுத்துவந்தார். தொட்டி ஓரத்தில் குந்தி, பையனின் கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, அக்குளைத் துடைத்து அதில் வைத்துப் படித்தார். நூற்று நாலு. பத்து நிமிஷம் கழித்து நூற்று மூன்று. தாய் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த பத்து நிமிஷத்தில் நூற்றொன்றரை. பையன் கண்ணைத் திறந்தான். யாருடைய மடி என்று நிமிர்ந்து பார்த்தான். தன் முகமே பெரிதாக, கிழடாக மேலே இருந்ததில் அவனுக்கு ஆட்சேபம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. தொண்ணூற்றொன்பது வரும்போது அவன் தண்ணீரை அடித்து வாத்தியாரின் நோட்டை நனைத்தான். பிறகு எட்டி, கல்லின் மேல் இருந்த மேல் செட்டை எடுத்துத் தன் வாயில் வைத்துப் பார்த்தான். அளவு பெரிதாக இருந்தது.

அப்போதுதான் தங்கை அழுதாள். அழுதுமுடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"நான் மூத்தவனுக்கு ஊத்துன தண்ணி?"

"அது போதாமப் போச்சும்மா" என்றார் டாக்டரம்மா. "நீங்க செய்தது சரி. இன்னும் ஊத்தியிருக்கணும்."

இதைக் கேட்ட தெருக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராகச் சுவரைவிட்டு நழுவினார்கள். வைத்தியர் கம்பளிகளை மடித்துக்கொண்டு, நொச்சித் தண்ணீரை வீணாக்க வேண்டாம், கால்வலிக்கு ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை மறுபடியும் கேட்டாள்: "அண்ணாச்சி, அப்ப அந்த நாலு கள்ளன்?"

தலைவர் பையனின் தலையில் ஈரத்துண்டைப் போட்டார். "கள்ளன் வந்தது நிசம். ஒருத்தன். நான் வண்டிக்கு அடியில இருந்தேன்."

"அவன் என்ன செய்தான்?"

"ஒரு மூட்டை நெல்லை எடுத்துக்கிட்டு, வண்டிக்குள்ள ஆளே இல்லியான்னு கேட்டுட்டுப் போனான்."

வாத்தியார் சிரித்ததை அன்றுதான் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். சிரித்து ஓய்ந்ததும் அவர், "ஒரு ஒட்டும் கிடையாதுன்னு சொன்னீரே" என்றார். தலைவர் தொட்டிக்குள்ளிருந்து, "வயலுக்குச் சட்டம் மாத்தியாச்சு. இது இன்னும் பழைய வழியிலதான் வருது. இதுக்கு யாருகிட்ட மனுக் குடுக்க?" என்றார். அவருடைய மகன்கள் இருவருக்கும் முப்பத்திரண்டு பல்லும் வேண்டிய அளவு வேர்வையும் உண்டு என்று டாக்டரம்மா பிறகு நேரில் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

நான் ஆசிரியரிடம் திருத்தம் போட வேண்டும் என்றேன். தலைவரிடம் சம்மதம் கேட்கப் போனபோது, அவர் வெகுநேரம் தண்ணீருக்குள் யோசித்தார். "எல்லாத்தையும் திருத்தினா பையனுக்குப் பள்ளிக்கூடத்துல கேலி வரும். நாலு பேருன்னு போட்டதை மட்டும் ஒருத்தன்னு போடும்" என்றார். அடுத்த இதழில், நாலு என்பதை ஒன்று என்று வாசிக்கவும் என்று இரண்டு வரி வந்தது. ஆசிரியர் காரணம் கேட்டார். இரண்டு பேரிடம் விசாரித்தேன் என்று சொன்னேன். அவர் பார்வை என் இடது கையில் இருந்த கறுப்புப் புள்ளிகளுக்குப் போயிற்று. மை கொட்டிவிட்டது என்றேன்.

பையன் அந்தக் கோடையைத் தாண்டினான். அதற்கடுத்த கோடைகளை மாமன் ஊரில் கழித்தான். குளத்தில் இரண்டு தலைகள் தெரியும். பெரியது வழக்குக் கேட்கும், சின்னது ஆட்டையும் மாட்டையும் பற்றிச் சாட்சிகளிடம் குறுக்குக் கேள்வி கேட்கும். வயல்கள் தேங்காய் உரிக்கும் மகன்களிடம் போயின. வாத்தியார் தம் வழக்கை விட்டுவிட்டார்.

பையனுக்கு ஏழு வயதானபோது தலைவர் அவனைத் திருவனந்தபுரம் கூட்டிப்போய்ச் சின்ன அளவில் பல்செட்டுக் கட்டிக்கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் ஈரத் துண்டும் செட்டுப் பல்லுமாக அவன் உட்கார்ந்திருந்த முதல் வாரம், நான் அந்தப் பக்கம் போனேன். மத்தியான இடைவேளை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்றார்கள்.

"உனக்க சொந்தப் பல்லு எங்கலே?" என்று ஒருவன் கேட்டான்.

"கள்ளன் அடிச்சது" என்றான் பையன். "ஆரல்வாய்மொழியில."

"எத்தனை பேருலே?"

பையன் என்னைப் பார்த்துவிட்டான். ஒரு செம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நிதானமாக யோசித்தான்.

"அஞ்சு பேரு" என்றான். "சந்தேகம்னா அந்த மாமாகிட்ட கேளு. பேப்பர்ல எழுதுறவரு."

பிள்ளைகள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இந்தத் தடவை வண்டிக்காரரிடம் விசாரிக்கும் அவசியம் எனக்கு ஏற்படவில்லை. "அஞ்சு பேர்தான்" என்றேன்.